ஞாயிற்றுக்கிழமை அப்பா வரலாமா?

கேள்வி (2022 ஜனவரி இறுதியில், கொரோனா பரவிய நேரத்தில் வந்தது): என் மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. நானும் கணவரும் இரண்டு வருடமாகப் பிரிந்து வாழ்கிறோம். விவாகரத்து வழக்கு குடும்பநல நீதிமன்றத்தில் நடக்கிறது. ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை அவர் குழந்தையை அழைத்துப் போகலாம், பொங்கலுக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று இடைக்கால உத்தரவு இருக்கிறது. அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். நான் என் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். வேலைக்கும் போகிறேன். அப்பாவுக்கு 68 வயது; சர்க்கரை நோய், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். பாப்பா தாத்தா பக்கத்தில்தான் படுப்பாள்.

ஜனவரி 9, 16, 23 மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு என்பதால் அவர் வரவில்லை. பொங்கலுக்கு, கொரோனா கேஸ் ஏறிக்கொண்டே போகிறதே என்று நானே வேண்டாம் என்றேன். இனி ஞாயிறு ஊரடங்கு இல்லை என்று அறிவித்ததும் 30-ம் தேதி வருகிறேன் என்கிறார். ஆனால் செவ்வாய்க்கிழமை அவரோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவருக்கு இன்று பாசிட்டிவ் என்று அவருடைய தங்கையே எனக்குச் சொன்னாள். டெஸ்ட் எடுங்கள் என்றால், 'அறிகுறி இல்லாதவங்களுக்குத் தேவையில்லைன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க' என்று மழுப்புகிறார். 'கோர்ட் ஆர்டர் இருக்கு, அனுப்பலைன்னா கன்டெம்ப்ட் போடுவேன்' என்று, அதாவது நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடுவேன் என்று, வாட்ஸ்அப்பில் மிரட்டல் வேறு. நான் மறுத்தால் கோர்ட் என்னைத் தண்டிக்குமா? கொரோனா முழுதாக ஓயும் வரை இந்தச் சந்திப்பையே நிறுத்திவைக்க மனுப் போடலாமா? 'அப்பா ஏன் வரல' என்று பாப்பா தினமும் கேட்கிறாள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதம் வியாழன் இரவு வந்தது. ஞாயிறுக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருப்பதால் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே எழுதுகிறேன்.

இந்த 30-ம் தேதி குழந்தையை அனுப்ப வேண்டாம். அதே சமயம், கொரோனா ஓயும் வரை நிறுத்திவைக்கக் கேட்கும் மனுவையும் போட வேண்டாம். இந்த வழக்கில் உங்களுக்கு நான் வழக்கறிஞராக இருந்தாலும் அப்படி ஒரு மனுவைத் தயாரித்துத் தர மாட்டேன்.

முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். உங்கள் கணவர் அந்த நண்பரோடு வேலை பார்த்தது 25-ம் தேதி. 30-ம் தேதி வந்தால் ஐந்தாம் நாள். இந்த ஜனவரியில் பரவும் ஒமிக்ரான் வகைக் கொரோனா, தொற்றிய ஆளிடம் மூன்று நாள் அளவிலேயே பெரும்பாலும் தலைகாட்டிவிடுகிறது. சிலருக்கு இன்னும் சில நாள் பிடிக்கிறது. ஆகவே இந்த ஞாயிறு சரியாக அந்தக் கவலைக்குரிய நாட்களுக்குள் விழுகிறது. அடுத்த ஞாயிறு, பிப்ரவரி 6, பன்னிரண்டாம் நாள். அதற்குள் அவருக்குக் காய்ச்சல், தொண்டைவலி எதுவும் வராமல் இருந்தால் இந்த நண்பரைக் காரணம் காட்டி நீங்கள் மறுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஒருவேளை அவருக்கே பாசிட்டிவ் வந்துவிட்டால், 2022 ஜனவரி 5-ம் தேதி மத்திய அரசு வெளியிட்ட வீட்டுத் தனிமை விதி இருக்கிறது: பாசிட்டிவ் என்று தெரிந்த நாளிலிருந்து ஏழு நாள், அதோடு கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருப்பதால் அதற்கு மேல் இரண்டு மூன்று நாள் சேர்த்துக் கேட்டாலும் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒன்றிரண்டு ஞாயிறுதான் வருகிறது. மாதக் கணக்கு வரவில்லை.

அடுத்து அந்த டெஸ்ட் விஷயம். மழுப்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தொற்றாளரோடு பழகியவர்கள், வயதாலோ வேறு நோயாலோ ஆபத்தில் இருப்பவர்களாக இல்லாவிட்டால், பரிசோதனை செய்யத் தேவையில்லை என்று 2022 ஜனவரி 10-ம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) அறிவித்தது. மருத்துவமனையில் அவருக்குச் சொன்னது அதுதான். அவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பிரிந்த தம்பதிகளின் வழக்குகளில் எந்தச் செய்தியும் பழைய கோபத்தின் வழியாகத்தான் காதுக்குள் போகிறது. அவர் சொன்னதையே உங்கள் அண்ணன் சொல்லியிருந்தால் 'ஓ, அப்படியா' என்று கேட்டிருப்பீர்கள். அதற்காக டெஸ்ட்டே கேட்கக் கூடாது என்பதில்லை. உங்கள் வீட்டில் ஆபத்துள்ளவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் காரணத்தைச் சொல்லி, குற்றச்சாட்டாக இல்லாமல் உதவியாகக் கேளுங்கள். பிப்ரவரி 5, சனிக்கிழமை ஒரு டெஸ்ட் எடுத்துச் சொன்னால் அப்பாவுக்காக நிம்மதியாக இருக்கும் என்றால், மருத்துவமனையில் வேலை பார்ப்பவருக்கு அது புரியாமல் போகாது.

இப்போது உங்கள் வீட்டுப் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். உங்கள் அப்பா வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் யூனிட்டில் மணிக்கணக்கில் படுத்திருக்கிறார். சுற்றிலும் மற்ற நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள். நீங்கள் வேலைக்குப் போய் வருகிறீர்கள். பிப்ரவரி 1 முதல் எல்லா வகுப்புக்கும் பள்ளி திறக்கிறது. பாப்பாவையும் அனுப்பப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை வகுப்பறை நிறையப் பிள்ளைகளோடு உட்கார அனுமதித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெற்ற அப்பாவோடு இருந்தால் மட்டும் தொற்று வரும் என்று மனுவில் எழுதினால், நீதிபதி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. இந்த ஒரு ஞாயிறை மறுக்க உங்களுக்குக் கையில் பிடித்துக் காட்டும்படி ஒரு காரணம் இருக்கிறது: இன்ன நாள், இன்ன ஆள், இத்தனை நாள் இடைவெளி. 'கொரோனா இருக்கிறது' என்பது அப்படிப்பட்ட காரணம் இல்லை. அது எல்லோர் வீட்டு வாசலிலும் இருக்கிறது.

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 2020-ல் என்னிடம் வந்த ஒரு தாய் செவிலியர். குழந்தை அப்பா வீட்டில். நான்கு வயதுப் பையன். முதல் ஊரடங்கில், கொரோனா வார்டில் வேலை பார்க்கிறாள் என்று சந்திப்பை நிறுத்தினார்கள். அது நியாயம்தான், அவரே ஒத்துக்கொண்டார். அந்த வார்டு டியூட்டி முடிந்தது. அப்புறமும் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இழுத்தார்கள். ஏழு மாதம் கழித்து என் அலுவலகத்தில்தான் அம்மாவும் பிள்ளையும் மறுபடி பார்த்துக்கொண்டார்கள். அவர் கையை நீட்டினார். பையன் கிட்டே வரவில்லை. பாட்டியின் சேலையைப் பிடித்தபடி நின்று, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினான். சானிடைசர் ஊற்றச் சொல்கிறான் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவைத் தொடுவதற்கு முன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவனுக்குப் பழக்கியிருந்தார்கள். அந்த அம்மா அழவில்லை. கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஊற்றினார். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முதலில் தள்ளிவைத்தது சரி. எது வரைக்கும் என்று அன்றே ஒரு தேதி குறிக்காமல் விட்டோம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். உங்கள் வழக்கில் உள்ளது இந்து திருமணச் சட்டம் 1955-ன் 26-ம் பிரிவில் வரும் இடைக்கால உத்தரவு என்று புரிந்துகொள்கிறேன். வழக்கு நடக்கும்போதே சூழ்நிலைக்கு ஏற்ப அதை மாற்றிக் கேட்க அந்தப் பிரிவிலேயே இடம் உண்டு. ஆனால் மாற்றும் வரை உத்தரவு உத்தரவுதான். ஊரடங்கு அதை ரத்து செய்யவில்லை. கன்டெம்ப்ட் என்றால் உடனே ஜெயில் என்று பயப்பட வேண்டாம். 1971-ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, உத்தரவை வேண்டுமென்றே மீறினால்தான் அது அவமதிப்பு. காரணத்தைச் சொல்லி, மாற்றுத் தேதி கொடுத்து, அதுவரை குழந்தையைப் போனில் பேசவைத்த ஒரு தாயை வேண்டுமென்றே மீறினார் என்று காட்டுவது எளிதல்ல. ஆனால் பொங்கலுக்கு நீங்கள் மறுத்தது எனக்குக் கவலையாக இருக்கிறது. அன்று அவருக்குத் தொற்றும் இல்லை, தொற்றாளரோடு பழக்கமும் இல்லை. அதற்கு ஈடு செய்யாமல் விட்டால், இந்த ஞாயிறு நீங்கள் சொல்லும் நியாயமான காரணமும் அதே கணக்கில் சேர்ந்துவிடும்.

2020 ஜனவரியில், கொரோனா இங்கே வருவதற்குச் சில நாள் முன்பு, குழந்தை யாரிடம் இருப்பது என்ற யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒன்று அதன்பின் எங்களுக்கெல்லாம் கைவிளக்காக ஆனது. நேரில் பார்க்கும் உரிமை தனி, தொடர்பில் இருக்கும் உரிமை தனி. குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வேண்டும், அதற்கு வீடியோ கால் நல்ல வழி என்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், ஊரடங்கால் பிள்ளையைப் பார்க்க முடியாத பெற்றோர் பற்றிய மனு வந்தபோதும், மின்னணு வழியில் தொடர்பு கொள்ளலாம், பெற்றோர் இருவரும் பேசி முடிவு செய்யட்டும், ஒத்துவராவிட்டால் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றுதான் சொன்னார்கள். வெளிநாடுகளிலும் இதே தடம்தான். நம் பிரதமர் முதல் ஊரடங்கை அறிவித்த 2020 மார்ச் 24 அன்றே இங்கிலாந்தின் குடும்பநலப் பிரிவுத் தலைமை நீதிபதி ஆண்ட்ரூ மெக்ஃபார்லேன் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார். குழந்தையின் உடல்நிலை, தொற்று ஆபத்து, இரு வீட்டிலும் பலவீனமானவர் யாராவது உண்டா என்று பார்த்துப் பெற்றோரே முடிவெடுக்கலாம்; உத்தரவின் எழுத்தைப் பின்பற்ற முடியாதபோது அதன் நோக்கத்தைப் போன், வீடியோ வழியாகவாவது நிறைவேற்ற வேண்டும் என்றார். பெருந்தொற்றைச் சாக்காக வைத்து அப்பாவையோ அம்மாவையோ வெளியே நிறுத்த இவற்றில் எதுவும் இடம் தரவில்லை.

ஆகவே இன்று மாலைக்குள் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். போனில் பேசினால் பழைய கதைக்குப் போய்விடும், எழுத்தில் இருக்கட்டும். கிட்டத்தட்ட இப்படி:

'25-ம் தேதி உங்களோடு வேலை பார்த்தவருக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்தது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் இருப்பதால் 30-ம் தேதி மட்டும் பாப்பாவை அனுப்பவில்லை. அன்று காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் வீடியோ காலில் பேசலாம். பிப்ரவரி 6 காலை 10 மணிக்கு வந்து கூட்டிப் போங்கள். முடிந்தால் 5-ம் தேதி ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். விட்டுப்போன நாட்களுக்குப் பதிலாக பிப்ரவரி 12, 26 சனிக்கிழமைகளும் உங்களோடு இருக்கட்டும். பொங்கல் நாளுக்குப் பதில் எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள்.'

இடையில் 19-ம் தேதி சனிக்கிழமை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வாக்குப்பதிவு என்பதால் அதைச் சேர்க்கவில்லை. இந்தச் செய்தியில் 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்பது போல ஒரு வார்த்தை கூட வேண்டாம். நாளைக்கு நீதிபதி படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள். அவர் கோபமாகப் பதில் அனுப்பினால் அதற்குப் பதில் அனுப்பாதீர்கள். ஒப்புக்கொண்டால், அடுத்த வாய்தாவில் இரண்டு பேர் வழக்கறிஞரும் கையெழுத்திட்டு ஒரு ஜாயின்ட் மெமோவாக, அதாவது இருவரும் ஒப்புக்கொண்டதைச் சொல்லும் கூட்டு மனுவாக, போட்டுவிடுங்கள். இனி யார் வீட்டில் தொற்று வந்தாலும் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், எத்தனை நாள் தள்ளிவைப்பது, எப்போது ஈடு செய்வது என்று அதிலேயே எழுதிவிடலாம். அந்த விதி உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான். உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது வந்தாலும் அவருக்குச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. தங்கை மூலம் தெரிந்துகொள்ளும் நிலை இரண்டு பக்கமும் வேண்டாம்.

வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். சில குடும்பங்களில் அது நன்றாக நடந்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் எனக்கு விருப்பமில்லை. ஏழு வயதுப் பிள்ளை அப்பாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் பார்க்கும், பிடித்து இழுக்க நீங்கள் நிற்க வேண்டும், தெரு பார்க்கும். அதைவிட வீடியோ கால் மேல்.

வீடியோ கால் என்றால் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு 'அப்பாவுக்கு ஹாய் சொல்லு' என்று சொல்லிக் கொடுப்பது இல்லை. உங்கள் மகள் ஒன்றாம் வகுப்பு முழுவதையும் போனிலேயே படித்த பிள்ளை. போன நவம்பர் 1-ம் தேதி பள்ளி திறந்ததும்தான் வகுப்பறையையே பார்த்திருப்பாள். ஜனவரியில் அதுவும் மூடிவிட்டது. போனைப் பார்த்தாலே அலுப்பு வந்திருக்கும். 'சாப்பிட்டியா, என்ன பண்ற' என்று இரண்டு கேள்வியில் பேச்சு தீர்ந்துவிடும். அதனால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். தமிழில் சொல்வதெழுதுதல் அவர் போடட்டும். பத்து வார்த்தை சொல்லட்டும், அவள் எழுதி கேமரா முன் காட்டட்டும், அவர் திருத்தட்டும். அல்லது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தை வரையட்டும். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ரெக்கார்ட் செய்ய வேண்டாம். 'நெட் இல்லை', 'சார்ஜ் இல்லை' என்பவை என் கோப்புகளில் அதிகம் வரும் வார்த்தைகள். உங்கள் கோப்பில் அவை வர வேண்டாம். ஞாயிறு மட்டும் போதாது. மூன்று வாரமாக அப்பா முகத்தைப் பார்க்காதவளுக்கு 6-ம் தேதி வரை தினமும் பத்து நிமிடம் தேவை.

6-ம் தேதி போய்வந்த பிறகு என்ன செய்வது என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். பாப்பா தாத்தா பக்கத்தில் படுப்பதைத்தான் மாற்ற வேண்டும். அப்பாவோடு போவதை அல்ல. பள்ளி திறந்ததும் எப்படியும் இது தேவைப்படும். உங்களோடு வேறு அறையில் படுக்கட்டும். தாத்தாவோடு பேசும்போது இருவரும் மாஸ்க் போடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் பார்வையில் மாஸ்க் போடலாம் என்றுதான் இந்த மாத (2022 ஜனவரி) வழிகாட்டுதலும் சொல்கிறது. 2022 ஜனவரி நிலவரப்படி அவள் வயதுக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு உண்டு: 60 வயது கடந்த, இணைநோய் உள்ளவர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் 2022 ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கை டோஸ் (மூன்றாவது டோஸ்) போடுகிறார்கள். இரண்டாவது டோஸ் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். அப்பாவுக்கு எப்போது முடிகிறது என்று பாருங்கள். டயாலிசிஸ் மருத்துவரிடமும் கேளுங்கள். உங்கள் கணவரும் அந்தப் பட்டியலில் வருகிறார். அவர் போட்டுக்கொண்டாரா என்று கேட்பதில் தப்பில்லை. சந்தேகம் இருந்தால் தமிழக சுகாதார உதவி எண் 104-க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள்.

கடைசியாகப் பாப்பாவின் கேள்வி. 'அப்பாவுக்குக் கொரோனா, அதான் வரல' என்று சொல்லிவிடாதீர்கள். அது உண்மையுமில்லை; அப்பா வந்து கட்டிக்கொள்ளும்போது அவளுக்குப் பயம் வரும். 'நீ போனா தாத்தாவுக்கு ஆபத்து' என்றும் சொல்ல வேண்டாம். நாளைக்குத் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால், தன்னால்தான் என்று அந்தக் குழந்தை மனதில் சுமக்கும். 'அப்பா கூட வேலை பாக்குற மாமாவுக்குக் காய்ச்சல். அப்பா நல்லாத்தான் இருக்காங்க. ஒரு வாரம் கழிச்சு வருவாங்க' என்றால் போதும். அப்பாதான் தள்ளிவைத்தார் என்றோ நீங்கள்தான் வேண்டாமென்றீர்கள் என்றோ அதில் வரவே வேண்டாம். முடிந்தால் இதே வார்த்தைகளை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். இரண்டு பேரும் ஒன்றுபோலச் சொன்னால் அவள் நம்புவாள். எத்தனை நாள் என்று கேட்பாள். மாதக் காலண்டரை இறக்கி 6-ம் தேதியை அவளையே வட்டம் போடச் சொல்லுங்கள். அந்தத் தேதி அவருக்குப் பாசிட்டிவ் வந்து மாறினால் ஒழிய, உங்கள் பக்கமிருந்து மாறக் கூடாது.

அவர் 30-ம் தேதியே வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்றும் யோசித்திருப்பீர்கள். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். மாஸ்க் போட்டுக்கொண்டு நீங்கள் மட்டும் வெளியே போய், அனுப்பிய செய்தியில் இருப்பதையே சொல்லுங்கள். பாப்பா உள்ளே இருக்கட்டும். உங்கள் அம்மாவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். அவர் போனதும், அதே 10 மணி வீடியோ காலை நீங்களே போட்டுக் கொடுங்கள்.